யார், யாரிடம் சொல்வது?

(வானொலியில் நிகழ்த்திய இலக்கிய உரையின் எழுத்து வடிவம்)



மனித உறவுகள் மனத்தின் விருப்பத்தினால் மட்டும் அமைபவை என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆனால் யார் யாரோடு பழகலாம், எதனை யாரிடம் சொல்லலாம், யார் வாயிலாகச் சொல்லலாம் என்பனவற்றை நாம் பிறப்பதற்கு முன்னரே சமூகம் வகுத்து வைத்துவிடுகிறது. இதனை விளங்கிக்கொள்ளச் சமூகவியல் நூல்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. சங்க அகப்பாடல்களைச் சற்று நின்று படித்தாலே போதும்.

அகப்பாடல்களில் எவருக்கும் பெயர் இல்லை. காதலிப்போரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. இவ்விதி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. 188 அடிகளில் நக்கீரர் பாடிய அப்பாட்டில் எந்த அரசனின் பெயரும் இல்லை. ஆயினும், வேலிலே கட்டிய வேம்பு பாண்டியனது அடையாளப் பூ என்பதனால், அது புறப்பாட்டே என்று நச்சினார்க்கினியர் கொண்டார்.

பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாணன், பரத்தை என்னும் பாத்திரங்கள். இவை ஆட்களின் பெயர்களல்ல. ஒருவர் மற்றவருக்கு என்ன முறையில் நிற்கிறார் என்பதன் பெயர்கள். தலைவன் இல்லையேல் தலைவி இல்லை. தலைவி இல்லையேல் தோழி இல்லை.

ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியை எடுத்துப் பாருங்கள். 100 பாடல்கள், பத்துப் பத்தாகத் தொகுக்கப்பட்டுள்ளன. முதல் நான்கு பத்துகளின் தலைப்புகள்: தாய்க்கு உரைத்த பத்து, தோழிக்கு உரைத்த பத்து, கிழவற்கு உரைத்த பத்து, பாணற்கு உரைத்த பத்து. என்ன சொல்லப்பட்டது என்பது தலைப்பில் இல்லை. யாருக்குச் சொல்லப்பட்டது என்பதே தலைப்பு. தாயிடம் பேசும்போது பணிவு, தோழியிடம் கண்ணீர், தலைவனிடம் இடித்துரை, பாணனிடம் சினம். ஒரே துயரம் கேட்பவருக்கு ஏற்ப வேறு வேறு மொழி பேசுகிறது.

இதன் உச்சநிலையே அறத்தொடு நிற்றல். களவிலே அன்பு கொண்ட பெண், வீட்டார் வேறிடத்தில் மணம் பேசும்போது உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தந்தையின் முன் போய் அவள் நிற்க முடியாது. தலைவி தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். ஒரு வீட்டுக்குள்ளே ஓர் உண்மை ஏறிச்செல்லும் படிக்கட்டு இது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. அந்நெடும்பாட்டு முழுவதும் இப்படிக்கட்டின் ஒரேயொரு படிதான்: தோழி செவிலிக்கு உரைப்பது.

இது பழங்கதை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். நமது ஊர்களிலே இன்றும் எத்தனை வீடுகளில் பெண்பிள்ளை தன் விருப்பத்தைத் தகப்பனிடம் நேரே சொல்கிறாள்? முதலில் மச்சாளிடம் சொல்வாள். மச்சாள் சித்தியிடம் போடுவாள். சித்தி தாயிடம் மெல்ல அவிழ்ப்பாள். தகப்பனின் காதுக்கு அது கடைசியாகத்தான் எட்டும். இடையில் ஒருவர் வாய் மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளையின் வாழ்வு வேறு திசையில் போய்விடும்.

உயர்தர வகுப்பில் இப்பகுதியை நான் படிப்பித்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "தோழிக்கு ஒருவரிலும் விருப்பம் வராதோ, சேர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறுந்தொகையின் 401 பாடல்களில் தலைவி கூற்றும் தோழி கூற்றுமே மிகப் பெரும்பான்மை. தோழி தலைவனை மடக்குகிறாள், தலைவியைத் தேற்றுகிறாள், தாயை வசப்படுத்துகிறாள். அவள் சொல்லில்லாமல் களவும் இல்லை, கற்பும் இல்லை. ஆனால் தன் காதலைப் பற்றி அவள் பேசுவதற்கு அந்த மரபில் ஓர் இடம் வைக்கப்படவில்லை. தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் தரும் இலக்கணம். செவிலி யார்? அரிய மறைச் செய்தியைச் சொல்லத் தக்கவள் என்பதனால் தாய் என மதிக்கப்படுபவள்; பெற்றவளல்லள், வளர்ப்பவள். அதாவது தாயும் மகளுமாக இருவர் இன்னொரு குடும்பத்தின் தாய்மைக்கும் இளமைக்கும் துணை நிற்கின்றனர். அவ்வன்பு பொய்யன்று. ஆனால் அந்த அன்பு ஒரு படிநிலைக்குள் வைக்கப்பட்ட அன்பு.

தொல்காப்பியம் இன்னும் வெளிப்படையாகவே ஒரு கோடு கீறுகிறது. அடியோரும் வினைவலரும், அதாவது பிறருக்கு ஏவல் செய்வோர், அன்பின் ஐந்திணைக்கு உரியவரல்லர். அவர்கள் காதல் கைக்கிளை, பெருந்திணை என்னும் புறப்பகுதிகளில் இடம்பெறலாம் என்பது உரையாளர் கொண்ட பொருள். தன் நேரத்துக்குத் தானே உரியவர் அல்லாதவருக்கு ஒழுக்கம் தவறாத காதல் ஏது என்பது அக்காலச் சமூகத்தின் வாதம்.

மருதக்கலியில் ஒரு பாட்டு உண்டு. அரண்மனையில் இருக்கும் ஒரு கூனியும் ஒரு குறளனும் வழியிலே சந்திக்கிறார்கள். ஒருவரையொருவர் எள்ளி நகையாடுகிறார்கள், பின்னர் இணங்குகிறார்கள். கேட்போரைச் சிரிக்கவைக்கும் பாட்டுத்தான். ஆனால் முடிவிலே, அரண்மனைக்குள் நம்மைக் கண்டால் சிரிப்பார்களே, சோலைப் பக்கம் போய்விடுவோம் என்கிறார்கள். தலைவிக்கு ஊரார் தூற்றும் அலர் பற்றி அச்சம். இவர்களுக்கோ ஊரார் சிரிப்பைப் பற்றி அச்சம். அலருக்கு இலக்கணத்தில் இடமுண்டு. இந்தச் சிரிப்புக்கு இல்லை.

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில், திணைகளைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து நோக்கினார். நிலத்துக்குப் பொருந்தும் அந்நோக்கு வீட்டுக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். அகம் என்பது சமூகத்துக்கு வெளியே உள்ள தனியறை அன்று. சமூகம் அங்கேயும் வந்து, இன்னார் இன்னாருக்கு இன்ன முறை என்று இருக்கை போட்டிருக்கிறது.

இதனால் அகப்பாடல்களின் அழகு குறைந்துவிடாது. அவ்விருக்கைகளில் இருந்துகொண்டே அம்மனிதர்கள் அவ்வளவு ஆழமாக அன்பு செய்தார்கள் என்பது அவற்றின் பெருமை. ஆனால் இனி அப்பாடல்களைப் படிக்கும்போது, யார் பேசுகிறார் என்பதோடு, யாருக்குப் பேச இடமில்லை என்பதையும் கவனியுங்கள். நம் வீடுகளிலும் எல்லோருடைய சங்கதியையும் சுமந்து திரியும் ஒரு தோழி இருப்பாள். அவளுடைய சங்கதியை யாராவது கேட்டதுண்டா?