பூஸ்டருக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர்



பழைய அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ வாங்கி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து ஓட்டுகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைக்கூடத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்கிறார்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் பலர் சொல்வது, "பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டியிருக்கு, ஒரு பூஸ்டர் போட்டுடலாம்" என்பதுதான். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் ஏதாவது ஒரு காரில் இருந்து கழற்றிய பூஸ்டர் கிடைக்கும். "உங்க பழைய மாஸ்டர் சிலிண்டரையே இதுல மாட்டிக்கலாம் சார்" என்பார்கள். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் மாட்டத்தான் முடியும். ஆனால் பிரேக் பிடிக்குமா?

மாஸ்டர் சிலிண்டர் செய்யும் வேலை எளிமையானது. பெடலை மிதித்தால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. சிலிண்டரின் உள்விட்டம் சிறிதாக இருந்தால் அழுத்தம் கூடும், ஆனால் ஒரு மிதிக்குப் போகும் ஆயிலின் அளவு குறையும். பெரிதாக இருந்தால் ஆயில் நிறையப் போகும், அழுத்தம் குறையும். ஊசி போடும் சிரிஞ்சில் ஒல்லியானதையும் தடியானதையும் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு சின்னக் கணக்கு. முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு எட்டில் ஏழு அங்குல, அதாவது 22 மில்லிமீட்டர் சிலிண்டரை வைக்கிறீர்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டர், வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் கால்வாசிக்கும் மேல் குறைந்துவிடுகிறது. "புது மாஸ்டர் சிலிண்டர் போட்டேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கல" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி பூஸ்டர். பெல்ஜியத்து எஞ்சினியர் ஆல்பர்ட் தெவாந்தர் 1927-இல் உருவாக்கிய வேக்குவம் பிரேக்கின் வழிவந்தது இது. வட்டமான தகர டப்பா, நடுவில் ரப்பர் டயாபிரம். பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் டயாபிரத்தின் இரு பக்கமும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். பெடலை மிதித்ததும் பின்பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து தள்ளுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாபிரம், சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ அழுத்த வித்தியாசம் என்று வைத்தால், 180 கிலோவுக்கும் மேல் உதவி கிடைக்கிறது. இவ்வளவு பலம் பின்னால் இருப்பதால்தான் பூஸ்டர் உள்ள கார்களில் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக வைத்து, பெடலின் நெம்புகோல் விகிதத்தையும் குறைத்திருப்பார்கள். பூஸ்டர் இல்லாத காரில் அந்த விகிதம் சுமார் ஆறுக்கு ஒன்று, பூஸ்டர் உள்ளதில் நாலுக்கு ஒன்று. ஆகவே பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் உள்ள சிலிண்டர் நான்கும் சேர்ந்து போட்ட கணக்கு. நடுவில் ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு உதைக்கும்.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. பூஸ்டரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பி, புஷ் ராடு. அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பூஸ்டர் இல்லாத கார்களுக்கான பிஸ்டன்களில் பலவற்றில் கம்பி நழுவாமல் இருக்க ஆழமான குழி இருக்கும். பூஸ்டருக்கான பிஸ்டனில் குழி ஆழமில்லை. இரண்டையும் கலந்தால் கம்பி எட்டாமல் போகும், அல்லது முட்டிக்கொண்டு நிற்கும். எட்டாவிட்டால் பாதி மிதி வீண். முட்டினால்தான் விபரீதம். பிஸ்டன் முழுதாகப் பின்னால் வர முடியாமல், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ஊசித்துளையை அடைத்தபடி நிற்கும். சூட்டில் ஆயில் விரியும், போக இடமில்லை, நீங்கள் மிதிக்காமலே பிரேக் பிடிக்கத் தொடங்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் டிரம் புகையும். மெக்கானிக் வந்து பார்ப்பதற்குள் அது ஆறிப்போயிருக்கும், அவர் "ஒண்ணும் இல்லையே சார்" என்பார்.

கம்பி முட்டுகிறதா என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கம்பி நுனியில் கடுகளவு களிமண் வைத்து, மாஸ்டர் சிலிண்டரைப் போல்ட் இறுக்கி, மறுபடி கழற்றிப் பாருங்கள். நசுங்கிய மண் அரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் சரி. மண்ணே இல்லாமல் கம்பி பளிச்சென்று தெரிந்தால் அந்த வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

இன்னொரு பொருத்தமும் பார்க்க வேண்டும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் சிறிது அழுத்தத்தைக் குழாயிலேயே தேக்கிவைக்கும் வால்வு பெரும்பாலும் இருக்கும். முன்சக்கரத்தை டிஸ்க்காக மாற்றிவிட்டு அதே சிலிண்டரை வைத்தால், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் இறக்கிய அம்பாசிடர்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது, அதனால் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடமும் கிடையாது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் இல்லாமல் பூஸ்டர் போட்டால் அது வெறும் தகரம். மலைப்பாதையில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களும் கவனியுங்கள். எஞ்சின் நின்றபின் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும்.

என்னைக் கேட்டால், நான்கு சக்கரமும் டிரம்மாக உள்ள, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற பழைய காருக்குப் பூஸ்டரே தேவையில்லை. அந்தப் பணத்தை இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவிடுங்கள். பழைய கார்களில் ஒற்றைச் சிலிண்டர், ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். இரட்டையில் ஒரு சுற்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். அமெரிக்காவில் 1968-இலேயே பயணிகள் கார்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். இதிலும் உள்விட்டக் கணக்கு உண்டு. பழையதில் என்ன அளவோ அதையொட்டியே வாங்குங்கள்.

ஏற்கெனவே பூஸ்டர் உள்ள வண்டியா? எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் முதலில் வேக்குவம் ஹோஸைப் பாருங்கள். அது விரிசல் விட்டிருந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.