பத்திரத்திலுள்ள பெயர்



எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் பெரியோர். தனி வளை இல்லாதார் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். அவ்வீடு யார் பெயரில் எடுக்கப்பட்டது என்பதை, வாடகை ஒழுங்காகச் செல்லும்வரை எவரும் நினைப்பதில்லை. வாழ்பவர் ஒருவர், பத்திரத்தில் உள்ளவர் வேறொருவர் என்னும் நிலையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இந்நிலை எப்படி உண்டாகின்றது? தோட்டத்தை விட்டுக் கேகாலை நகருக்கு வரும் அண்ணன் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கின்றார். சில ஆண்டுகளில் அவர் தொழில் தேடிக் கொழும்புக்குப் போய்விடத் தம்பியின் குடும்பம் அவ்வீட்டில் தங்கிவிடுகின்றது. பணம் கொடுப்பவர் தம்பி. பற்றுச்சீட்டில் இருப்பதோ அண்ணன் பெயர். பாடசாலை அதிபர்களாகிய நாங்கள் இதன் விளைவை முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலத்திலே காண்கின்றோம். வதிவிடத்தை நிறுவத் தேர்தல் இடாப்பும், வீட்டு உறுதி அல்லது பதிவுசெய்த குத்தகைப் பத்திரமும் கேட்கப்படுகின்றன. உண்மையிலேயே அங்கு வாழும் பெற்றோர் அதைக் காட்ட இயலாமல் நிற்கின்றனர்.

ஆகவே, ஆள் மாறும்போது பெயரும் மாறவேண்டும். பழைய பத்திரத்தில் ஒரு பெயரை வெட்டி மற்றொன்றை எழுதுவது பெயர் மாற்றம் ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படுதல் வேண்டும். எனவே சொந்தக்காரரின் சம்மதத்துடன் பழைய குத்தகையை முடித்துப் புதியவர் பெயரில் வேறொரு பத்திரம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவதே செம்மையான வழி. முன்னவர் கட்டிய முற்பணம் அவருக்குத் திரும்புமா, புதியவர் கணக்கில் சேருமா என்பதையும், பழைய வாடகை நிலுவை யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வைத்தல் நன்று. பின்னாளில் உறவைக் கெடுப்பவை இவ்விரண்டுமே. சொந்தக்காரர் அறியாமல் வீட்டைக் கைமாற்றுவதோ, கீழ்வாடகைக்கு விடுவதோ, இருக்கும் உரிமையையும் இழக்கச் செய்யலாம்.

பத்திரத்தில் பெயருள்ளவர் இறந்துவிட்டால் என் செய்வது? 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இதனை எண்ணியே இயற்றப்பட்டது. அச்சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளில், இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார், அவரில் தங்கியிருந்தோர் ஆகியோருள், இறப்புக்கு முந்திய மூன்று மாதமும் அவர் வீட்டாராய் இருந்தவர் வாடகையாளராகத் தொடர அது இடமளித்தது. ஆயினும் எல்லா வீடுகளும் அச்சட்டத்துக்குள் அடங்கவில்லை. பிற்காலத் திருத்தங்கள் அதன் எல்லையை மேலும் குறுக்கின. ஆதலால் சட்டம் காக்கும் என்று சும்மா இருப்பதிலும், கணவன் மனைவி இருவர் பெயரையும் தொடக்கத்திலேயே பத்திரத்தில் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை.

நகரத்து வீட்டுக்கேனும் மாற்றுவதற்கு ஒரு பெயர் இருக்கின்றது. தோட்டத்து லயத்தை எண்ணிப் பாருங்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நீண்டகாலக் குத்தகைகள் எழுதப்பட்டன. நிலத்துக்கு உரியவர் பெயர் அரசு. குத்தகையாளர் பெயர் கம்பனி. தலைமுறை தலைமுறையாகக் காம்பிராவில் அடுப்பெரித்தவர் பெயர் அப்பத்திரத்தில் இல்லை. அவர் பெயர் இருப்பது செக்ரோலிலேதான். அதனாலன்றோ நம் தோட்டங்களில் "பெயர் பதிந்தவர்" என்றால் வேலைக்குப் பதிந்தவர் என்றே பொருளாயிற்று! தந்தை ஓய்வு பெற்றால், காம்பிரா நிலைப்பதற்காகவே மகனோ மகளோ பெயர் பதியும் வழக்கமும் வளர்ந்தது. வீட்டுக்காகத் தொழிலைத் தேர்வது பிள்ளையின் எதிர்காலத்துக்குப் பூட்டுப் போடுவதாகும். காணி உறுதி வேண்டும் என்று மலையக மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதன் நியாயம் இதில்தான் அடங்கியிருக்கின்றது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பத்திரத்தை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கின்றது, தவணை என்று முடிகின்றது என்று வாசியுங்கள். வாசிக்க இயலாத அயலவர் இருப்பின் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பெயர் மாற்றவேண்டியிருந்தால், உரியவர்கள் யாவரும் உயிருடனும் ஒற்றுமையுடனும் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.