அபேட்சகரின் இனமும் வாக்காளரின் நெஞ்சமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தேர்தலில் நிற்கும் அபேட்சகர் இன்ன இனத்தவர் என்பது மக்கள் வோட்டுக் கொடுப்பதில் எவ்வளவு தூரம் வேலை செய்கின்றது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதனை வெறும் யூகத்தால் ஆராய்வதினும், கண்கூடாக நிகழ்ந்த ஒரு திருஷ்டாந்தத்தைக் கொண்டு ஆராய்தலே நலம். அதற்குச் சிங்கப்பூர் மிகவும் ஏற்ற இடம். அங்குள்ள குடிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சீனர். மலாய்க்காரர் நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சற்று மேல். தமிழர் உள்ளிட்ட இந்திய வமிசத்தார் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவே.

அந்நாட்டில் 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ஆம் தேதி குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. தமிழ் வமிசத்தவராகிய தர்மன் சண்முகரத்னம் அவர்களும், சீனர் இருவரும் போட்டியிட்டனர். தர்மன் நூற்றுக்கு 70.4 வோட்டுகள் பெற்று வெற்றியடைந்தார். முன்னர் எஸ். ஆர். நாதன் அவர்கள் 1999-லும் 2005-லும் அப்பதவியை அடைந்தது போட்டியின்றி. ஆகையால் அப்பொழுது வாக்காளரின் மனம் சோதிக்கப்படவில்லை. 2023-இல் சோதிக்கப்பட்டது. சீனரல்லாதார் அனைவரும் ஒருவர் விடாமல் தர்மனுக்கே வோட்டளித்தனர் என்று வைத்துக்கொண்டாலும், அது மொத்தத்தில் கால் பங்கு அளவே ஆகும். எஞ்சியவை சீனர் கொடுத்தவை. தம் இனத்தவர் இருவர் எதிரே நிற்கவும், சீனருள் பாதிக்கு மேற்பட்டோர் அவரையே தெரிந்தெடுத்தனர் என்பது வெறுங் கணக்காலேயே விளங்கும்.

இதுவும் புதிதன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்த ஜெ. பி. ஜெயரத்னம் அவர்கள், 1981-இல் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியின் சீன அபேட்சகரை 653 வோட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 1968 முதல் எல்லா ஸ்தானங்களையும் தானே வைத்திருந்த கட்சி அது.

அப்படியாயின் இனம் என்பது ஒன்றுமே செய்வதில்லையோ எனின், அவ்வாறு சொல்லுதல் அவசரமாகும். 1988-இல் அந்நாட்டு அரசாங்கத்தார் குழுத் தொகுதி என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தனர். பல அபேட்சகர் ஒரு குழுவாக நிற்பர்; அவருள் ஒருவராவது சிறுபான்மையினராயிருத்தல் வேண்டும். வாக்காளர் இனம் பார்த்து வோட்டளித்துச் சிறுபான்மையோர் சபையில் இல்லாமற் போய்விடுவர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இவ்வேற்பாடு ஆளுங்கட்சிக்கே அநுகூலம் என்று கண்டித்தோரும் உளர். 2019-இல் அப்போதைய நிதி மந்திரி ஹெங் சுவீ கியெட் அவர்களும், முதிய தலைமுறையினர் சீனரல்லாத பிரதம மந்திரியை ஏற்க ஆயத்தமாயில்லை என்னும் கருத்தை வெளியிட்டார். குடியரசுத் தலைவர் பதவியோ பெரும்பாலும் கௌரவப் பதவி. ஆட்சிப் பொறுப்பு பிரதம மந்திரியினுடையது. ஆகவே ஒரு தேர்தலைக் கொண்டு எல்லாம் தீர்ந்ததென்று கூறல் இயலாது.

நிற்க. இவையிரண்டும் சேர்ந்து நமக்கு உணர்த்துவது யாது? அபேட்சகரைப் பற்றி வேறொன்றும் அறியாதபோது அவரது இனமே வாக்காளருக்கு அடையாளமாகின்றது. அறிந்தபோது அது பின்னே போய்விடுகின்றது. தர்மன் 2001-இல் அரசியலிற் புகுந்தவர். நிதி மந்திரியாகவும் துணைப் பிரதம மந்திரியாகவும் இருந்தவர். இருபத்திரண்டு வருஷ காலம் மக்கள் அவரது வேலையைக் கண்டனர். சீனர் மங்களகரமாகக் கருதும் அன்னாசிப் பழத்தையே அவர் தம் தேர்தற் சின்னமாகவும் வைத்துக்கொண்டார். பிறர் மனத்தை நாடிச் செல்பவருக்கு அம்மனத்தின் கதவு திறக்கும்.

தர்மனின் வெற்றியைக் கேட்டு, "நம்மவர் வென்றார்" என்று நாம் மகிழ்ந்தோம், யானும் மகிழ்ந்தேன். பின்னர் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். சீனர் "நம்மவர்" என்று பாராததனாலன்றோ நம்மவர் வென்றார்? அவர்கள் செய்ததை நாம் மெச்சுகின்றோம். நம் ஊரில், நம் ஜாதியார் ஒருவரும் வேறு ஜாதியார் ஒருவரும் நிற்கும்போது, தகுதி மற்றவரிடத்திருப்பின், நாம் அவ்வாறு செய்வோமா?

"நம் சமூகத்துக்குச் சபையில் குரல் வேண்டாமோ? அதற்காகவன்றோ சங்கம் கண்டோம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாம் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையினரல்லேம். நம் பிள்ளைகளில் ஒருவன் வெல்ல வேண்டுமாயின், பிற ஜாதியார் ஜாதியை மறந்து வோட்டளித்தாலன்றி வெல்லான். "அவரவர் அவரவர்க்கே" என்னும் வழக்கத்தை நாமே வளர்ப்போமாயின், நம் வீட்டு வாயிலை நாமே அடைத்தவர்களாவோம்.

ஆதலால், அடுத்த தேர்தலில் ஓர் அபேட்சகர் நம் சங்கத்தை நாடி வந்து, ஜாதியைச் சொல்லி வோட்டுக் கேட்பாராயின், "ஐயா, தாங்கள் இதுகாறும் செய்த பொதுக் காரியம் யாது?" என்று முதலிற் கேளுங்கள். விடை சொல்லுவாராயின், அவர் எந்த ஜாதியாராயினும் ஆதரியுங்கள். விடையில்லையாயின், நம்மவரேயாயினும், உபசரித்து அனுப்பிவிடுங்கள். நம் இளைஞரையோ, பிறரும் விரும்பி வோட்டளிக்கத் தக்கவராக ஆக்குங்கள். சங்கம் செய்யத்தக்க தேர்தல் வேலை அதுவே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.