கதவிலக்கமும் காந்தப் பள்ளியும்
அமெரிக்காவில் புறநகரொன்றுக்குக் குடிபெயர எண்ணுபவர், வீட்டின் விசாலத்தையும் தோட்டத்தின் வனப்பையும் கண்டு பரவசமடையுமுன், அதன் கதவிலக்கம் எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் அடங்குகிறது என்பதை விசாரித்தறிவது அவசியம். ஒரே தெருவின் எதிரெதிர் வரிசைகள் இருவேறு பள்ளிகளுக்கு உரியனவாயிருப்பது அங்கே அபூர்வமன்று.

'மேக்னெட்' எனப்படும் காந்தப் பள்ளியின் சங்கதியோ வேறு. நிறபேதத்தால் பிரிந்து கிடந்த மாணவரை, நிர்ப்பந்தமின்றி, விசேஷப் பாடங்களின் கவர்ச்சியால் ஒன்றுசேர்க்கும் பொருட்டு, 1968இல் டகோமா நகரின் மெக்கார்வர் பள்ளியில் உதித்த முறை இது. இதில் சேர விலாசம் மட்டும் போதாது. பல இடங்களில் தேர்வோ குலுக்கலோ உண்டு.

மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியில், 1985 முதல் கணித விஞ்ஞான மேக்னெட் பிரிவொன்று, சாதாரண வகுப்புகளோடு ஒரே கூரையின்கீழ் நடைபெறுகிறது. இத்தகைய பள்ளிகளின் சராசரி மதிப்பெண், பாலும் நீரும் கலந்த குடம் போன்றது. அதைக் கண்டு மயங்கி அருகே வீடு வாங்கியவர், தம் பிள்ளை அமரும் வகுப்பு வேறென்பதைக் கிரயப் பத்திரம் பதிவான பின்னரே உணர நேரும். ஆகையால், தலைமையாசிரியரைக் கண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்கணிதம் பயில்கிறார்கள் என்று கேளுங்கள். மாலை மணி அடிக்கும் வேளையில் வாயிலருகே சற்று நின்றும் பாருங்கள்.