அறை வாடகை ஒன்று, பில் தொகை வேறு

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திர நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தீர்கள். "அமெரிக்க ஓட்டல் பில்லைப் பற்றி நம்ம ஊர்க் கூட்டத்தில் என்ன பேச்சு?" என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊரில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் நாலு இடம் சுற்றிப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே காத்திருக்கும் ஒரு செலவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடைசியில் அந்தப் பேச்சு நம் டிரஸ்ட் வாசலுக்கே வந்து நிற்கும். அதுவரை பொறுத்துக் கேளுங்கள்.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பிள்ளைகளுக்காக ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஆர்லாண்டோவுக்குப் புறப்பட்டோம். கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பெயர்போன ஊர். மருமகன் செல்போனில் தேடி, இரவுக்கு 120 டாலர் என்று போட்டிருந்த ஓட்டலில் மூன்று இரவுக்கு இரண்டு அறை எடுத்தார். ஓர் அறையின் கணக்கை மட்டும் சொல்கிறேன். மூன்று இரவுக்கு 360 டாலர், அதற்கு மேல் வரி கொஞ்சம் இருக்கும் என்பது எங்கள் கணக்கு.

ரிசப்ஷனில் நீட்டிய தாளில் 540 டாலர் இருந்தது. கணினியைத் திருப்பிக் காட்டி அந்தப் பெண் விளக்கினாள். இரவுக்கு 40 டாலர் 'ரிசார்ட் ஃபீ'. ஆக இரவுக்கு 160. அதன் மேல் 12.5 சதவீதம் வரி, 20 டாலர். இரவுக்கு 180, மூன்று இரவுக்கு 540. அந்தக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் வரி என்பதைக் கவனியுங்கள்.

"இந்த 40 டாலர் எதற்கு?" என்று கேட்டேன். வைஃபை, நீச்சல் குளம், உடற்பயிற்சி அறை, தினமும் இரண்டு பாட்டில் தண்ணீர் என்றாள். குளம் பழுது பார்ப்பதற்காக மூடியிருப்பதாக வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். "குளம் மூடியிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் உடற்பயிற்சி அறைப் பக்கம் போகப் போவதில்லை, வேண்டாம் என்றால் கழிப்பீர்களா?" என்றேன். "இது கட்டாயக் கட்டணம் சார், பதிவு செய்தபோது நிபந்தனையில் இருந்தது" என்றாள். மருமகன் செல்போனைத் தடவிப் பார்த்தார். இருந்தது, கீழே, பொடி எழுத்தில். "மாமா, பிள்ளைங்க தூங்கி விழுறாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். போட்டோம். இரவு பத்து மணிக்குக் குழந்தை குட்டிகளோடு நிற்பவன் வேறு என்ன செய்வான்?

அந்த 40 டாலர் மூன்று இரவுக்கு 120 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 10 ஆயிரம் ரூபாய். நம் டிரஸ்ட்டில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்குக் கொடுக்கும் கல்வி உதவி அவ்வளவுதான். அதனால்தான் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரிசார்ட் ஃபீ என்பது அறை வாடகைக்கு மேல், அறைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று ஓட்டல் தானாக வைக்கும் கட்டாயக் கட்டணம். வசதியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். முதலில் லாஸ் வேகாஸ், ஹவாய், ஃபுளோரிடா போன்ற உல்லாச ஊர்களில்தான் இது இருந்தது. பிறகு நியூயார்க் போன்ற பெருநகர ஓட்டல்களுக்கும் வந்தது. அங்கே கடற்கரையும் இல்லை, குளமும் இல்லை. அதனால் 'டெஸ்டினேஷன் ஃபீ', 'அமெனிட்டி ஃபீ', 'ஃபெசிலிட்டி ஃபீ' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த 40 டாலரை வாடகையிலேயே சேர்த்து 160 என்று போட்டால் என்ன? இங்கேதான் சூட்சுமம். இன்று யாரும் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கி விசாரிப்பதில்லை. செல்போனில் 'குறைந்த விலை முதலில்' என்று தட்டுகிறார்கள். ஓர் ஓட்டல் நேர்மையாக 150 என்று மொத்தத்தையும் போடுகிறது. பக்கத்து ஓட்டல் 120 என்று போட்டுவிட்டு, 40-ஐ உள்ளே வைத்திருக்கிறது. பட்டியலில் 120 மேலே வரும், 150 கீழே போய்விடும். உண்மையில் மலிவானது 150. நேர்மையாக விலை போட்டவன் வியாபாரத்தை இழக்கிறான். கொஞ்ச நாளில் அவனும் அதே வழிக்கு வருகிறான். ஒருவர் செய்யும் தவறு சந்தையையே கெடுப்பது இப்படித்தான். இன்னொரு லாபமும் இருந்தது. பதிவு செய்து தரும் ஏஜெண்டுகளுக்கு வாடகையின் மீதுதான் கமிஷன். இந்தக் கட்டணத்தின் மீது கமிஷன் இல்லாமல் பலர் நடத்தி வந்தார்கள்.

விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவதால் இதற்கு 'டிரிப் பிரைசிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஒரு விலை, மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம், கடைசியில் மிச்சம். அதற்குள் நம் பெயர், பாஸ்போர்ட், கார்டு எண் எல்லாம் கொடுத்து முடித்திருப்போம். திரும்பிப் போக மனம் வராது.

அங்குள்ள அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2012 நவம்பரில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 22 ஓட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மொத்த விலையை முதலில் சொல்லாமல் கட்டாயக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டினால் நுகர்வோருக்குப் பாதகமாக முடியும் என்று அதே கமிஷனின் பொருளாதார ஆய்வறிக்கை 2017 ஜனவரியில் சொன்னது. 2019 ஜூலையில் வாஷிங்டன் தலைநகரின் அட்டர்னி ஜெனரல் மாரியட் நிறுவனத்தின் மீதும், நெப்ராஸ்கா மாநிலம் ஹில்டன் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே மொத்த விலையைக் காட்டுவதாக 2021 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தோடு மாரியட் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையைத்தான் விளம்பரம் செய்யலாம் என்று சட்டம் வந்தது. பிறகு 2024 டிசம்பரில் ஃபெடரல் டிரேட் கமிஷன் நாடு முழுவதுக்கும் ஒரு விதியை அறிவித்து, அது 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓட்டல் முதலான குறுகிய காலத் தங்குமிடங்களுக்கும், கலை நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளுக்கும் அது பொருந்தும்.

அந்த விதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ரிசார்ட் ஃபீயை ஒழித்துவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒழிக்கவில்லை. எவ்வளவு வாங்கலாம் என்று வரம்பும் வைக்கவில்லை. வாங்குவதாக இருந்தால் அதையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே, மற்ற எந்தத் தொகையையும் விட எடுப்பாகக் காட்ட வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்பதில் பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். அரசு வரியை அந்த முதல் விலையில் சேர்க்காமல் விடலாம். ஆனால் பணம் கட்டும் முன் சொல்லியாக வேண்டும். ஆகவே முதலில் பார்க்கும் விலைக்கு மேல் வரி இன்னும் வரும் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் கூடாது. துபாயில் ஓட்டலின் தரத்துக்கேற்ப அறைக்கு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை 'டூரிசம் திர்ஹம்' வாங்குகிறார்கள். மலேசியாவில் வெளிநாட்டவரிடம் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. இவை அரசுக்குப் போகிறவை. ஓட்டலோடு வாதாடிப் பயனில்லை. அதேபோல, அறைக்குள் ஏதாவது சேதமானால் என்று கார்டில் பிடித்து வைக்கும் டெபாசிட், காலி செய்த பின் விடுவிக்கப்படும். ரிசார்ட் ஃபீ அப்படித் திரும்பி வராது.

இனிப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

ஒன்று, முதல் பக்கத்து விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கம் வரை போய், மொத்தத் தொகையை மூன்று ஓட்டலுக்கும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

இரண்டு, 'ஓட்டலில் நேரில் செலுத்த வேண்டியது' என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஆன்லைனில் முழுப் பணம் கட்டியவர்களும் அங்கே போய் மீண்டும் கட்ட நேர்வது இதனால்தான்.

மூன்று, ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "கட்டாயக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு கவுண்டரில் நிற்காது.

நான்கு, பதிவு செய்த பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள்.

ஐந்து, சொன்ன வசதி இல்லையென்றால் மேலாளரிடம் பணிவாகக் கேளுங்கள். கழித்துத் தரும் இடங்களும் உண்டு. கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். கட்டணத்தை வைத்தது அவள் அல்ல, அதில் ஒரு டாலரும் அவளுக்குச் சேராது. நான் அன்று குரலை உயர்த்தியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஆறு, காட்டிய விலைக்கு மாறாக வாங்கினால் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் இணைய வழியாகப் புகார் செய்யலாம். பிள்ளைகளிடம் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்றாக இந்தச் சொட்டு விலையையும் சேர்த்திருக்கின்றன. உணவகங்களில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் வந்த நெறிகளை 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. குறை இருந்தால் 1915 என்ற எண்ணில் சொல்லலாம்.

சரி, நம் வாசலுக்கு வருவோம்.

மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி, நனைந்ததை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட விதம் இங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நனைந்ததை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்டார்கள். மதரஸாவில் இதை ஓதியபோது, இது அரிசிக்கடைக்காரருக்கான பாடம் என்று நினைத்தேன். ஆர்லாண்டோவில் ஓட்டல்காரருக்கான பாடம் என்று நினைத்தேன். போன மாதம் அது எனக்கான பாடமாக வந்தது.

நம் திருமண மஹால் வாசலில் 'ஒரு நாள் வாடகை ரூ.25,000' என்று பலகை இருக்கிறது. போன மாதம் ஒரு பெண்ணின் தகப்பனார் நிக்காஹ் முடிந்து கணக்குத் தீர்க்க வந்தார். தையல் தொழிலாளி. துப்புரவுக்கு 3,500, ஜெனரேட்டருக்கு 3,000, தண்ணீருக்கு 1,500, குப்பை அள்ள 1,000 என்று எழுதி, 34,000 ரூபாய்க்கு நம் அலுவலகம் பில் கொடுத்தது. அன்று கரண்ட் போகவே இல்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. அவர் பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செயலாளர் பாய், பலகையில இது இல்லீங்களே" என்றார். "ரசீதுப் புத்தகத்துப் பின்பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அந்த ஓட்டல் பெண் சொன்ன அதே வார்த்தை என் நாக்கில் வந்து நின்றது. அவர் வெளியே போய் யாரிடமோ கைமாற்று வாங்கி வந்து கட்டினார்.

நிர்வாகக் குழுவில் இதை வைத்தேன். "34,000 என்று பலகை போட்டால் பக்கத்து மண்டபத்துக்குப் போய்விடுவார்கள்" என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மஹால் வருமானத்தில்தான் விதவைப் பெண்களின் மாதாந்திர உதவி ஓடுகிறது. அந்தக் கவலையில் சொன்னார். ஆனால் அமெரிக்க ஓட்டல்காரர் சொல்லும் காரணமும் இதேதான். இரண்டு கூட்டம் பேசி முடிவு செய்தோம்.

வருகிற முதல் தேதியிலிருந்து பலகையில் ஒரே தொகை இருக்கும்: 31,000 ரூபாய். துப்புரவு, தண்ணீர், குப்பை எல்லாம் அதில் அடக்கம். ஜெனரேட்டர் ஓடினால் மட்டும் மணிக்கு இவ்வளவு, மின்சாரம் மீட்டர்படி யூனிட்டுக்கு இவ்வளவு என்று அதே பலகையில், அதே அளவு எழுத்தில் இருக்கும். அந்தத் தகப்பனாருக்கு ஜெனரேட்டருக்காக வாங்கிய 3,000 ரூபாயைத் தலைவரும் நானும் அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

பதிவுகள் குறையலாம். குறைந்தால் உதவித் தொகைக்கு உங்களிடம் வெளிப்படையாக வந்து கேட்போம். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இங்கே கடை, ஹாஸ்டல், டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் விலைப் பலகையையும் இன்று இரவு ஒருமுறை வாடிக்கையாளர் கண்ணோடு படித்துப் பாருங்கள் என்று கேட்டு முடிக்கிறேன்.