சுட்ட கத்தரிக்காய்

2001-இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அப்பகுதியில் வாழும் தமிழர் பலர் பிழைப்பின் பொருட்டு நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். களைத்து வந்தபின் கறி சமைக்கப் பொழுதேது? ஆயினும் வெறுஞ்சோறு உண்ண வேண்டுவதில்லை.

பெரிய கத்தரிக்காய் ஒன்றில் எண்ணெய் தடவி, இரண்டோர் இடங்களில் கீறுங்கள். உள்ளே புழு உண்டா என்பதும் தெரியும். நீராவியால் காய் வெடிக்கவும் வெடிக்காது. தணலிலோ எரிவாயு அடுப்பிலோ திருப்பித் திருப்பிச் சுட்டால், கால்மணி நேரத்தில் தோல் கருகிக் காய் குழையும். ஆறியதும் தோலுரித்து மசித்து, புளிக்கரைசல், உப்பு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் கடுகு தாளியுங்கள். சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் இது ஏற்ற துணை.

சுடும் நேரத்தில் சோறும் வெந்துவிடும். உழைத்து வந்தவர் தட்டில் ஒரு காயேனும் இருத்தல் வேண்டும்.