எத்தீம் பொதிகளும் கிணறு இறைக்கிறவரும்



நடுவரே, இந்த விவாதத்தில் எதிரணித் தம்பி கணக்கு நன்றாகத்தான் போட்டார். "சம்பளமில்ல, பேருமில்ல, லாபமெல்லாம் பெரிய கம்பெனிக்கு. திறமூல மென்பொருள் பொதி பராமரிக்கிறவன் மடையன்" எண்டார். காத்தான்குடி வியாபாரிகளின் ஊர். இந்தக் கணக்கு இங்கே எடுபடும். ஆனால் தம்பி, பராமரிக்க ஆளில்லாமல் போனால் வரும் செலவை நீங்கள் கொப்பியில் எழுதவேயில்லையே!

பராமரிப்பு என்றால் என்ன என்று நம் கிணறுகளே சொல்லும். 2004 டிசம்பர் 26. சுனாமி அலை வந்து போன பிறகு கரையோரக் கிணறுகளில் உப்பும் சேறும். கிணறு கட்டிக் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும். இறைத்துச் சுத்தம் செய்தவர் பெயர் எங்கே இருக்கிறது? அது லேசான வேலையுமல்ல. அவசரப்பட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்புத்தான் ஏறும்.

அதே நாட்களில் நம் நாட்டுக் கணினித் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய ஒரு மென்பொருள் செய்தார்கள். பெயர் சஹனா, சிங்களத்தில் நிவாரணம். சில வாரத்தில் எப்படி முடிந்தது? பிஎச்பி, மைஎஸ்கியூஎல், அப்பாச்சி என்ற திறமூலப் பொதிகளெல்லாம் இறைத்த கிணறாய்த் தயாராகக் கிடந்தன. முன்பின் தெரியாத எவரெவரோ வருடக்கணக்காய்ப் பிழை திருத்தி வைத்திருந்தார்கள். கொட்டேசன் கேட்டு, லைசென்ஸ் வாங்கி உட்கார்ந்திருந்தால் முகாமே கலைந்திருக்கும். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் சஹனா போனது. 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதும் அதற்குத்தான்.

தம்பி எக்ஸ்இஸட் என்ற பொதியின் கதையை எடுத்தார். எடுத்தது நல்லது. லாசே காலின் என்பவர் கோப்புகளைச் சுருக்கும் அந்தப் பொதியைச் சம்பளமின்றி, ஏறக்குறையத் தனியாளாய்ச் சுமந்து சோர்ந்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடம் நல்ல பிள்ளையாய் நடந்து, கடைசியில் கள்ளக்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் அந்திரேஸ் பிராயிண்ட் என்ற பொறியியலாளர், சேவையகத்துக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டப்போய்ப் பிடித்தார். அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோண்டிப் பார்க்கப் பொதி திறந்து கிடந்ததே! கிணற்றை ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டு ஊர் தூங்கினால் இப்படித்தான். தம்பி சொன்ன கதை என் அணிக்குச் சாட்சி, நடுவரே.

ஊரே சேர்ந்து சுமக்கும் வழியும் உண்டு. டெபியன் என்ற இயங்குதளத் தொகுப்பில், 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் மட்டும் 64,000க்கு மேல் பொதிகள். பராமரிப்பாளர் கைவிட்ட பொதிக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? அநாதை. நம் பேச்சில் எத்தீம். அதற்கெனப் பட்டியலே உண்டு. யாரும் பார்த்துப் பொறுப்பேற்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டுமென்றுகூட இல்லை. பிழை கண்டால் எப்போது, எப்படி வந்தது என்று ஒழுங்காய் எழுதி அனுப்புவதும் ஒரு வாளி சேறு அள்ளியதுதான். டெபியனை நிறுவும்போது மொழிப் பட்டியலில் தமிழும் நிற்கிறது. எந்தக் கம்பெனியின் இலாபக் கணக்கு அதைக் கொண்டுவந்தது?

பெரிய கம்பெனிகள் இந்தக் கிணற்றில் பவுசர் பவுசராய் அள்ளுகின்றன, உண்மை. அவர்களிடம் காசு கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அதற்காகத் தம்பி கிணற்றை மூடச் சொல்கிறாரே, விடிந்தால் அவருடைய உம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?